நல்லா வந்திருக்க வேண்டிய பையன்

போன மாதம் ஒரு கல்யாணத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என்னோடு படித்த ஒருவனைப் பற்றிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நல்லா வந்திருக்க வேண்டிய பையன் சார், எப்படியோ போயிட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் அவனே நிற்கிறான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதே வார்த்தையை நாற்பது வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். டைரல் பிக்ஸ். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர், குத்துச்சண்டை வீரர். ஆறடி ஐந்து அங்குல உயரம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு சின்ன எடைக்காரர்கள் மாதிரி கால் மாற்றி ஆடுவார். இடது கையை நீட்டி நீட்டியே எதிராளியை அண்டவிடமாட்டார். 1982-ல் மியூனிக்கில் அமெச்சூர் உலக சாம்பியன். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் சூப்பர் ஹெவிவெயிட் என்ற பிரிவை முதன்முதலாகச் சேர்த்தபோது, அதன் முதல் தங்கம் இவருக்குத்தான். கால் இறுதியில் இவரிடம் தோற்றது யார் தெரியுமா? பதினெட்டு வயது லெனாக்ஸ் லூயிஸ்! இறுதியில் தோற்றவர் இத்தாலியின் ஃப்ரான்செஸ்கோ டாமியானி. (கியூபாவும் சோவியத்தும் வராத ஒலிம்பிக்ஸ் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த அமெரிக்க அணியில் மைக் டைசனுக்கு இடமே கிடைக்கவில்லை.

அப்புறம்? அதே வருஷம் நவம்பரில் தொழில்முறைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே கொக்கெய்ன் பழக்கத்துக்காக சிகிச்சை. மீண்டு வந்து வரிசையாக ஜெயித்தார். 1987 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் டைசனுடன் உலகப் பட்டத்துக்கான சண்டை. ஏழாவது சுற்றில் முடிந்தது. மூன்றாவது சுற்றிலேயே முடித்திருப்பேன், ரொம்ப நாள் ஞாபகம் இருக்கட்டும் என்றுதான் நிதானமாக அடித்தேன் என்று டைசன் பிறகு சொன்னார். 1988-ல் டாமியானி பழி தீர்த்தார். 1991-ல் லூயிஸ், மூன்றே சுற்றில்.

முடிந்தது கதை. உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது: வீணாய்ப் போன திறமை.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பணத்தைக் கொட்டிக் கூப்பிட்டும் தொழில்முறைக்குப் போகவில்லை. அவருடைய தங்கத்தை யாரும் 'நல்ல ஆரம்பம்' என்று சொல்வதில்லை. சாதனை என்கிறோம். பிக்ஸ் வாங்கியதும் அதே தங்கம்தான். அடுத்த படியில் கால் வைத்து வழுக்கியதால், ஏற்கெனவே ஏறிய படியும் கணக்கில் வராதா? போகாதவருக்கு முழு மார்க், போய்த் தோற்றவருக்குப் பழைய மார்க்கும் கட். என்ன நியாயம் இது?

"அப்ப கொக்கெய்ன் அவர் இஷ்டம்னு விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். விடமுடியாது. உலக சாம்பியன் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் அவர் பங்குக்கு அவரே மண்ணைப் போட்டுக்கொண்டார். அந்த நஷ்டம் நிஜம். அதைச் சொல்லி அவர் அழலாம். சோறு தூக்கமில்லாமல் பயிற்சி கொடுத்தவர் கோபப்படலாம். டிக்கெட் வாங்கியவனுக்கும், டி.வி.யில் பார்த்தவனுக்கும் இதில் என்ன பாக்கி? திறமை என்ன நம்மிடம் வாங்கிய கைமாற்றா, வட்டியோடு திருப்பிக் கட்ட?

அதுவும் குத்துச்சண்டையில். 'முழுசாக வந்திருந்தால்' என்றால் அங்கே என்ன அர்த்தம்? இன்னும் நிறைய சண்டை. அதாவது தலையில் இன்னும் நிறைய அடி. பிக்ஸ் தங்கம் வாங்கிய அதே 1984-ல்தான் முகமது அலிக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். திறமையைத் துளி மிச்சம் வைக்காமல் செலவழித்தவர் அலி. நாம் கைதட்டினோம். பில் அவர் கட்டினார், முப்பது வருஷத்துக்கு மேல்.

பிக்ஸைப் பற்றி யாரும் அதிகம் பேசாத ஒரு சண்டை உண்டு. 1986, எதிராளி ஜெஃப் சிம்ஸ். ஆரம்பச் சுற்றுகளிலேயே பிக்ஸின் காறை எலும்பு உடைந்துவிட்டது. காறை எலும்பு உடைந்தால் கையைத் தூக்குவதே பெரும்பாடு. நிறுத்தச் சொல்லியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பத்துச் சுற்றும் நின்றார். புள்ளிகளில் ஜெயித்தார். இந்த மனிதரைத்தான், உறுதி போதாது என்று சொன்னார்கள். ஒரு கையால் பத்துச் சுற்று நின்றவரை, ஒரு கையில் காபியோடு உட்கார்ந்திருப்பவர்கள்.

எனக்குப் பின்னால் நின்ற அந்த நண்பன் என்ன சொன்னான் என்று சொல்லவில்லையே. என் தோளில் கை வைத்து, "பந்தி போட்டாச்சு, வா, அப்புறம் இடம் கிடைக்காது" என்றான். பக்கத்திலேயே உட்கார வைத்து, எனக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொன்னதும் அவன்தான்.