இழைத்த கையும் எழுதிய பெயரும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறை வீதி வழியே செல்பவர், வேலணைக்கு அப்பால் புளியங்கூடலை அடைவார். பனை சூழ்ந்த சிற்றூர் அது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தீவுப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். பிற்காலத்தில் சிலர் திரும்பினர், பலர் திரும்பவேயில்லை. திரும்பி வந்தவர்களுள் ஒருவரான மூதாட்டியின் விறாந்தையில் ஒருநாள் அமர்ந்திருந்தேன். அவர் ஓலை வார்ந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். அருகே ஒரு கடதாசியிற் கீறப்பட்ட படம் கிடந்தது. கொழும்பிலிருந்து வந்த வடிவமைப்பு அது. சதுரப் பெட்டி, மூலைகள் கத்திமுனைபோற் கூராக வரையப்பட்டிருந்தன.

“இப்பிடிக் கூராய் விட்டா மூலை வெடிச்சுப் போம் மோனை. நான் இன்னொரு ஓலையை உள்ளுக்கு விட்டு இழைச்சிருக்கிறன்” என்றார்.

“அதை அவைக்குச் சொன்னீங்களோ ஆச்சி?”

“என்னத்துக்கு? அவை படம் கீறினவை. நான் பெட்டி இழைச்சனான்.”

சில மாதங்களின் பின் அதே பெட்டியைக் கொழும்பில் ஒரு கலைக்கூடத்தின் விற்பனைப் பகுதியிற் கண்டேன். மூலையைத் தடவிப் பார்த்தேன். ஆச்சி உள்ளே விட்ட ஓலை கையில் இடறியது. பெட்டியின் அருகே ஓர் அட்டை. அதில் வடிவமைத்தவரின் பெயர் இருந்தது, கூடத்தின் பெயர் இருந்தது, விலை இருந்தது. ஆச்சியின் இடத்தில் “யாழ்ப்பாணக் கைப்பணி” என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன.

இது அநீதியா, அல்லது வெறும் கவனக்குறைவா? இக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைக் கேட்போம். கலைஞர், வடிவமைப்பாளர், கலைக்கூடம், வாணிபம் ஆகிய நால்வரும் கைகோக்காவிடின் இத்தொழில் என்னவாகும்? கடகம் இருந்த இடத்திற் பிளாஸ்டிக் கூடை வந்துவிட்டது. பாய் இருந்த இடத்தையும் அவ்வாறே வேறொன்று பிடித்துக்கொண்டது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைப் பொருள்களுக்குச் சந்தை தேட முயன்றது. ஆயினும் பெட்டி பெட்டியாகவே இருந்தால் வாங்குவோர் குறைவு. புதிய வடிவம் வேண்டும். புதிய வடிவத்தைக் காணப் பயின்ற கண் வேண்டும். இந்நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. கன்னியர் நடத்திய நெசவுப் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு வண்ணமும் வடிவமும் வகுத்துக் கொடுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனி, 1964இல் ‘பேயர்ஃபுட்’ நிறுவனத்தை நிறுவிக் கைத்தறித் துணியை உலகறியச் செய்தார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1969இல் பெந்தோட்டையில் எழுப்பிய விடுதியின் முன்மண்டபக் கூரையை எனா த சில்வாவின் பத்திக் துணி அலங்கரித்தது. உல்லாசப் பயணத் தொழிலும் கலையும் அங்கே ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தன. இவற்றால் கிராமப் பெண்கள் பலர் கூலி பெற்றனர் என்பதை மறுப்பவன் உண்மைக்குப் பகைவன்.

ஆகவே கூட்டு வேண்டுமா என்பது கேள்வியன்று. கூட்டாளி யார் என்பதே கேள்வி.

இங்கே வேறொரு வாதம் எழும். “நமது மரபிற் கலைஞன் பெயர் பொறித்ததுண்டா? கோபுரத்தைச் செதுக்கிய சிற்பியின் பெயர் யாருக்குத் தெரியும்? பெயர்மோகம் மேனாட்டு நோயல்லவா?” என்பர். இவ்வாதத்துக்கு அறிவார்ந்த துணை ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். மரபுக் கலைஞன் தன்னை முன்னிறுத்தாதவன் என்பதை வாழ்நாள் முழுதும் போற்றியவர் அவர்.

ஆனால் அதே நூல் வேறோர் உண்மையையும் சொல்கிறது. கண்டி இராச்சியத்துக் கைவினைஞன் பெயரற்றவனாயினும் நிலமற்றவனல்லன். அவன் செய்த பணிக்கு ஈடாக அவன் குடும்பம் பயிரிட நிலம் இருந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. பின்னர் அந்த ஆதரவும் குலைந்தது, கலையும் குலைந்தது. இதனைக் குமாரசுவாமியே வருந்தி எழுதினார்.

அந்தப் பழைய ஒழுங்கை நாம் மீண்டும் விரும்பவில்லை. அந்நிலம் சாதியோடு பிணைக்கப்பட்ட நிலம். தகப்பனின் தொழிலை விட்டு மகன் விலக முடியாத நிலம். எனினும் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். அன்று பெயரின்மைக்கு ஈடாக வாழ்வுக்கு ஓர் உறுதி இருந்தது. இன்று நாம் அந்த உறுதியை அகற்றிவிட்டோம். பெயரின்மையை மட்டும் மரபென்று வைத்துக்கொண்டோம். நிலமும் இல்லை, பெயரும் இல்லை. இதற்கு மரபு என்று பெயரிடுவது மரபுக்கே இழைக்கும் அவதூறு.

பெயர் என்றால் புகழ் என்று நினைப்பதாலேயே இக்குழப்பம் நேர்கிறது. ஆச்சிக்குப் புகழ் வேண்டியதில்லை. ஆனால் பெயர் பேரம் பேசும் வலுவும் ஆகும். பெட்டியை இழைத்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால், அடுத்த வியாபாரி ஆச்சியின் படலையைத் தேடி வருவான். விலை பேச ஆச்சிக்கு இரண்டு பேர் கிடைப்பர். தெரியாவிட்டால் அவர் “யாழ்ப்பாணக் கைப்பணி” என்ற பெருங்கூட்டத்துள் ஒருவர். அவர் மறுத்தால் இன்னொரு கை கிடைக்கும். படம் கீறியவரை மாற்ற முடியாது, ஏனெனில் அவருக்குப் பெயர் உண்டு. இழைத்தவரை எப்போதும் மாற்றலாம். சுரண்டல் சில வேளைகளிற் சவுக்கோடு வருவதில்லை. ஓர் அட்டையின் வெற்றிடமாக வருகிறது.

நல்லெண்ணம் மட்டும் இதைத் தீர்க்காது. இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் 1861இல் நண்பர்களோடு நிறுவனம் தொடங்கிக் கைவினையின் மாண்பை மீட்க உழைத்தார். அழகிய கம்பளமும் சுவர்த்தாளும் பிறந்தன. அவற்றை வாங்க வல்லவர்களோ செல்வர்களே. அந்த முரண்பாடு அவரையே உறுத்தியது; பிற்காலத்தில் அவர் சோஷலிசத்தின்பாற் சென்றார். ஆனந்த குமாரசுவாமியின் பெருநூல் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அச்சாயிற்று என்பது சிந்திக்கத்தக்க தற்செயல்.

வேறொரு வழியும் உண்டு. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடிருந்த ஓவியர்களும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைத் தாமே செய்து விற்றனர். அவ்வருவாயின் துணையோடு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தனர். அங்கே கைப்பொருள் ஓவியத்துக்குச் சோறிட்டது. செய்தவரும் விற்றவரும் நிலத்துக்கு உரியவரும் ஒருவரே. அவர்கள் படித்த ஓவியர்கள். தங்கள் பெயரைக் காக்கத் தெரிந்தவர்கள். அந்த உரிமை புளியங்கூடல் விறாந்தைக்கும் ஏன் எட்டக்கூடாது?

“ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு பெயரா? நடைமுறைக்கு ஒவ்வாது” என்பார்கள். ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் விளக்குப் பிடித்தவரின் பெயர்கூட ஓடுகிறது. ஒரு சிறிய அட்டையில் இன்னொரு வரிக்கு இடமில்லையா? இடமில்லாதது அட்டையிலன்று. அந்த வரிக்குப் பின்னே விலையில் பங்கு வரும், மாற்றம் சொல்லும் உரிமை வரும், “இந்த விலைக்கு இழைக்க மாட்டேன்” என்னும் துணிவு வரும். அவற்றுக்கே இடமில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. ஓவியம் வரையும் பிள்ளையைக் கலைஞன் என்கிறோம். ஓலை இழைக்கும் பிள்ளையைக் கைவேலை தெரிந்தவன் என்கிறோம். வகுப்பறையில் நாம் பிரித்த இந்தப் பிரிவே கலைக்கூடத்தின் அட்டையில் அச்சேறுகிறது.

“அவை படம் கீறினவை, நான் பெட்டி இழைச்சனான்” என்றார் ஆச்சி. அடக்கத்தினாற் சொன்னாரா, பழக்கத்தினாற் சொன்னாரா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வெடிக்கவிருந்த மூலையைக் கண்டு, அங்கே ஓர் ஓலையை விட்டு, பெட்டியைப் பெட்டியாக நிற்கச் செய்தது அவருடைய சிந்தனை. அதுவும் வடிவமைப்புத்தான். அடுத்தமுறை அப்பெட்டியை வாங்குபவர், அட்டையைப் படிக்குமுன் மூலையை ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். பின்னர் கடைக்காரரிடம் கேட்கட்டும்: இதை இழைத்தவர் யார்?