அடுத்த வீட்டுச் சுவர்

சுவருக்கும் காது உண்டு என்று நம் பெரியவர்கள் சொன்னது, ரகசியம் பேசுகிறவர்களை எச்சரிப்பதற்காக. கேட்டுவிட்ட காதின் கடமை என்ன என்பதை அவர்கள் நமக்கே விட்டுவிட்டார்கள்.

பௌதிகம் சொல்லும் ஒரு சங்கதி வியப்பானது. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும் ஒலி, தண்ணீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடுகிறது. இரும்பிலோ சுமார் 5,000 மீட்டர். கெட்டிப் பொருள்தான் ஒலிக்கு ராஜபாட்டை! அப்படியானால் செங்கற் சுவர் பேச்சைத் தடுப்பானேன்? தடை பெரும்பாலும் சுவருக்குள் இல்லை. காற்றும் சுவரும் சந்திக்கிற எல்லையில் இருக்கிறது. இலேசான காற்றால் கனத்த சுவரை அசைக்க முடிவதில்லை. வந்த அலை அநேகமாகத் திரும்பிவிடுகிறது. காற்றிலிருந்து தண்ணீரின் மேல் நேராக விழும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே போகும். குளத்தில் முங்கிய பிள்ளைக்குக் கரையில் நிற்கும் தாயின் கூப்பாடு கேட்காமற் போவது அதனால்தான்.

சுவரிடம் பாரபட்சமும் உண்டு. கட்டை ஒலியை ஓரளவு விடும். கீச்சொலியைப் பெரிதும் நிறுத்திவிடும். சொல்லுக்கு உருவம் தரும் மெய்யொலிகள் பல இந்தக் கீச்சொலி இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே அடுத்த வீட்டுச் சண்டையின் வாசகம் நம்மை எட்டுவதில்லை. உறுமல் மட்டும் எட்டுகிறது. ஆனால், யாரோ தள்ளப்பட்டுச் சுவரிலேயே மோதினால்? அந்த அதிர்ச்சிக்குக் காற்றின் தயவு வேண்டியதில்லை. அது நேராக நம் பக்கம் வந்துவிடுகிறது.

“என்ன விஷயமோ, நமக்கென்ன தெரியும்?” என்கிறோம். இதை வெறும் கோழைத்தனம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். பக்கத்து வீட்டுக் கடனையும் கண்ணீரையும் கேட்டும் கேளாததுபோல் இருப்பது ஒரு நாகரிகம். ஒண்டுக் குடித்தனங்களில் மானத்தோடு வாழ்ந்தவர்கள் அந்த நாகரிகத்தால்தான் வாழ்ந்தார்கள். ஆனால் நமக்குத் தெரியாதது சண்டையின் காரணம். அடி விழுந்தது தெரியும். காரணம் தெரிந்தால் அடி நியாயமாகிவிடுமா என்ன?

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கண்ணால் கண்ட சாட்சியைக் கேட்கவில்லை. நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் அதற்காக வழக்கு வராது என்றும் சொல்கிறது.

நாமோ பெரும்பாலும் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறோம். சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் இல்லை. இங்கே சத்தம் திடீரென்று உயர்ந்தது அங்கே இருப்பவளுக்கும் கேட்டிருக்கும்.