இருவகைத் தீ

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பர். அந்நகரத்தார்க்குத் தீயின் இயல்பைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அச்சில் வார்த்த மண்ணுருவம் வேகாதிருக்கும் வரை, நீரில் இட்டால் கரைந்து மீண்டும் குழம்பாகும். அதனை வேறோர் உருவாக வார்த்துக் கொள்ளலாம். சூளையில் ஒருமுறை வெந்துவிட்டாலோ எந்த நீரும் அதனைக் கரைக்காது; கோணியது கோணியதாகவே நிற்கும். பொற்கொல்லர் பட்டறையிலுள்ள தீ இதனின் வேறுபட்டது. அது பொன்னை அழிப்பதில்லை; பொன்னோடு கலந்த மாசை மட்டுமே போக்குகிறது. மரணத்திற்குப் பின் மனிதனை எதிர்கொள்வது இவ்விரண்டில் எவ்வகைத் தீ? கிறிஸ்தவ சமயத்தார் பல நூற்றாண்டுகளாக வாதித்து வரும் வினா இது. மறுமையை நம்பும் நமக்கும் இது தொடர்பற்ற வினாவன்று.

விருத்தாசலம் வட்டாரத்திலுள்ள கோணான்குப்பத்தில், ‘தேம்பாவணி’ ஆசிரியர் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. அவர் சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, உயிர் பிரிந்ததும் ஒவ்வொருவர்க்கும் தனித்தீர்வை உண்டு. உலக முடிவில் யாவர்க்கும் பொதுத்தீர்வை உண்டு. மோட்சம், நரகம் ஆகிய இரண்டோடு, மோட்சம் புகுமுன் தூய்மை பெற வேண்டியவர்களுக்கென ஒரு நிலையும் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் அதனை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்று வழங்கி வந்தனர். 1274இல் லியோனிலும், 1439இல் புளோரன்சிலும், 1563இல் திரெந்திலும் கூடிய சங்கங்கள் இக்கொள்கையை உறுதிப்படுத்தின. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, மரித்தோர்க்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது இந்நம்பிக்கையின் வெளிப்பாடேயாம்.

இதனை இரண்டாவது வாய்ப்பு என்று கொள்வது பிழை. இறைவனோடு பகைத்து இறந்தவனுக்கு அங்கு இடமில்லை. இறையருளில் இறந்தும், செய்த குற்றத்தின் விளைவை முற்றும் தீர்க்காமற் சென்றவனுக்கே அந்நிலை. மன்னிப்பு வேறு, பரிகாரம் வேறு என்பது இதன் அடிப்படை. பிறர் வீட்டுக் கண்ணாடியை உடைத்தவனை வீட்டுக்காரர் மன்னித்துவிடலாம். ஆயினும் உடைந்த கண்ணாடி தானே ஒட்டிக்கொள்வதில்லை.

புராட்டஸ்டண்டு சபையார் இதனை ஏற்பதில்லை. பாவமன்னிப்புச் சீட்டுகளின் விற்பனையைக் கண்டித்து மார்ட்டின் லூதர் 1517இல் தொடங்கிய எதிர்ப்பு, பின்னர் இக்கொள்கையையே மறுக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு முதலிய லுத்தேரன் குருமார் அம்மரபினரே. அவர்களுக்கும் கத்தோலிக்கர்க்கும் தமிழ் மண்ணிலும் சமயப்போர் நடந்தது. வீரமாமுனிவரின் ‘வேத விளக்கம்’ அதில் விளைந்த நூல். கிறிஸ்துவின் பலி ஒன்றே போதும், அதற்குமேல் மனிதன் செலுத்த வேண்டிய பாக்கி எதுவுமில்லை என்பது மறுப்பாளர் வாதம். செல்வர் வீட்டு இறந்தவர்க்கு விரைவில் விடுதலை, ஏழை வீட்டு இறந்தவர்க்கு நெடுங்காலத் துன்பம் என்றால் அது இறைநீதியாகுமா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருந்தது. பணம் பற்றிய முறைகேடுகளைத் திரெந்து சங்கமே பின்னர்க் கண்டித்தது.

இரு சாராரின் சொல்லிலும் சிந்திக்கத்தக்கது உண்டு. அருள் விலைக்குக் கிடைப்பதன்று; எனினும் அருள் கிடைத்ததனால் அநீதி நேராதது போலாகிவிடாது. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் நிற்கிறான். அவனே அநீதி இழைக்கப்பட்டவன். தம்பியின் நிலத்தை அபகரித்தவன் இறந்தான். அவன் பிள்ளைகள் அவனுக்காக நூறு பூசைகள் செய்வித்தனர். நிலமோ அவர்கள் வசமே இருக்கிறது. தம்பியின் வயிறு நிறைந்ததா? பறித்ததைத் திருப்பித் தராத மனந்திரும்புதல் மெய்யானதன்று என்றே கத்தோலிக்க ஒழுக்க நூலாரும் கூறுவர்.

நிற்க, நம் இல்லங்களை நோக்குவோம். ஜனாஸாத் தொழுகைக்கு ஒரு மையித்து கொண்டுவரப்பட்டபோது, இறந்தவர்க்குக் கடன் உண்டா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதும், கடன் இருந்து அதற்கு ஈடு இல்லாதபோது தாம் தொழுவிக்காமல் மற்றவர்களைத் தொழச் சொன்னதும், தோழர் அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்த வரலாறு. இருப்பவர் இறந்தவர்க்கு உதவ முடியும் என்பது இதனால் விளங்கும். அவ்வுதவி எங்கே தொடங்க வேண்டும் என்பதும் விளங்கும்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஊருக்கெல்லாம் விருந்து வைக்கிறோம். தகப்பனார் அடைக்காமல் விட்ட கடைப் பாக்கி அப்படியே கிடக்கிறது. சகோதரிக்கு அல்லாஹ் விதித்த வாரிசுப் பங்கு ‘பிறகு பார்ப்போம்’ என்ற சொல்லில் முடங்கிக் கிடக்கிறது. தகப்பனாரின் கப்ரு விசாலமாக வேண்டுமென்று கையேந்தும் மகன், அக்கையைத் தன் சகோதரிக்கு ஒருமுறை நீட்டினால் என்ன?

மறுமையின் தீயைப் பற்றிச் சமயங்கள் வேறுபடலாம். மண்ணை வனையும் காலம் இம்மையே என்பதில் வேறுபாடில்லை. நீர் பட்டால் நெகிழும் நிலையில் நாம் இன்னும் இருக்கிறோம். கோணலைத் திருத்துவதற்கு இதுவே சமயம்.