குடும்ப வேதாகமமும் வாரிசின் கடமையும்

பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே சில வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தலைமுறைதோறும் எழுதிவந்த பெரிய வேதாகமமே, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புராட்டஸ்டண்டு இல்லங்களில் குடும்ப வேதாகமம் எனப்பட்டது. அத்தகைய நூல் ஒருவர் கைக்கு வந்துசேரும்போது, அவர் கடமைப்பட்டிருப்பது எழுதியவரின் பக்திக்கா, எழுதப்பட்ட பெயர்களுக்கா என்ற கேள்வியும் உடன் வருகிறது.

விசுவாசம் மறதிக்கு உட்பட்டது என்பதை வேதாகமமே மறைக்கவில்லை. கட்டளைகளை நினைவுகூர்வதற்காக ஆடையின் ஓரங்களில் தொங்கல்களை வைத்துக்கொள்ளுமாறு எண்ணாகமம் பணிக்கிறது. அதே தொங்கல்களைப் பிறர் காணும்படி பெரிதாக்கிக்கொண்டவர்களை மத்தேயு நற்செய்தி கண்டிக்கிறது. ஆனால் நினைவூட்டலுக்குப் பகட்டைவிட நுட்பமான ஓர் ஆபத்தும் உண்டு. இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722ஆம் ஆண்டு முதல் தமக்கென 70 தீர்மானங்களை எழுதி, வாரம் ஒருமுறை அவற்றை வாசிப்பதென்று உறுதிபூண்டவர். தாளுக்குத் தாள் வெற்றுப் பக்கம் இடைசேர்த்துக் கட்டப்பட்ட ஒரு வேதாகமம் 1730இல் மைத்துனர் வழியாகக் கிடைத்தபின், அதில் ஆயிரக்கணக்கான குறிப்புகளை வாழ்நாள் முழுவதும் எழுதிச் சேர்த்தவர். அவரே 1731இல் நியூபோர்ட் நகரில் வீனஸ் என்ற சிறுமியை அடிமையாக விலைகொடுத்து வாங்கினார். தன்னைத்தானே இவ்வளவு கண்டிப்பாகச் சோதித்த மனச்சான்றும், தான் கேட்க நினைத்த கேள்விகளை மட்டுமே கேட்டுக்கொண்டது. முன்னோர் அடிக்கோடிட்ட வசனங்களை வாரிசு அன்போடு வாசிக்கலாம்; எனினும் அவை சுட்டுவது அவர்களுடைய சோதனைகளையே.

தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்த குடும்பங்கள் சில, தம் பிள்ளைகளின் பிறப்போடு அடிமைப் பிள்ளைகளின் பிறப்பையும் குடும்ப வேதாகமத்திலேயே, பெரும்பாலும் குடும்பப் பெயரின்றி, குறித்துவைத்தன. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பு அவர்களை வயது, பால், நிறம் என்ற அளவில் பதிந்ததேயன்றிப் பெயர்களைப் பொதுவாக எழுதவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நாடளாவிய கணக்கெடுப்பில் பெயரோடு இடம்பெற்றது 1870இல்தான். ஆகவே ஒரு குழந்தை பிறந்த நாளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று, அக்குழந்தையை உடைமையாகக் கருதியவரின் வேதாகமமாகவே இருக்கக்கூடும்.

அப்பக்கத்தை வெளியே காட்ட மறுக்கும் வாரிசு, அது வீட்டின் அந்தரங்கம் என்கிறார். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இறந்தவர்கள் ஊர் வாசிப்பதற்காக எழுதவில்லை. ஆயினும் வரலாறு இதற்குச் சங்கடமான ஒரு மறுமொழியைத் தருகிறது. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் கைம்பெண்களுக்கு ஓய்வூதியத்தை விரிவாக்கி 1836இல் சட்டம் இயற்றப்பட்டபோது, திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்த குடும்பங்கள் பல வேதாகமத் தாள்களையே கிழித்து அரசுக்கு அனுப்பின. அத்தாள்கள் இன்றும் தேசிய ஆவணக்காப்பகத்தில் கோப்புகளோடு கிடக்கின்றன. பயன் கருதியபோது வாசலைத் தாண்டிய தாள், பிறருக்கு அவர்தம் பாட்டியின் பெயரைத் தரவேண்டிய வேளையில் மட்டும் புனிதமான அந்தரங்கமாகிவிடுவதை ஏற்பது கடினம்.

நூலையே கையளிக்க வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. வர்ஜீனியா மாநில நூலகம் போன்றவை குடும்ப வேதாகமப் பதிவுகளைத் தொகுத்துப் பேணுகின்றன. படி எடுத்துக் கொடுத்தாலே போதும். தன் குலத்தின் பிறப்புப் பக்கங்களை மட்டும் படியெடுத்துக் கொடுத்து, அடிமைகளின் பக்கத்தை நிறுத்திவைப்பவர், முன்னோரின் விசுவாசத்தையல்ல, அவர்களுடைய மறதியையே பேணுகிறார்.