தேவைப்படும் குழந்தையும் பயன்படும் குழந்தையும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் பொங்கல் விழாக்களுக்கும் ஆண்டு விழாக்களுக்கும் போய்வருகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். ஒப்பனை கலைந்துவிடக் கூடாது என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். "ஒய்.பி. வந்துட்டாரு, எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்கும். பிள்ளைகள் ஆடுவார்கள். இந்தப் பிஞ்சுகள் இருக்கும்வரை தமிழ் வாழும் என்று விருந்தினர் பேசுவார். கைத்தட்டல். மாதிரிக் காசோலை. படம்.

இதைக் கேலி செய்வது சுலபம். பலர் செய்தும் விட்டார்கள். எனக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த மேடையில் குழந்தை யாருக்காக ஆடுகிறது? ஒரு சமூகம் தன்னுடைய தேவைக்காக எட்டு வயதுக் குழந்தையை மேடையேற்றலாமா?

"பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரும்" என்பது வழக்கமான பதில். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. சுதந்திரம் அடைந்த 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பேர் பதிவார்கள் என்ற கவலையில் தூக்கம் கெட்ட தலைமையாசிரியர்கள் நிறைய பேர். பெற்றோர் தமிழ்ப்பள்ளியா தேசியப்பள்ளியா என்று யோசிக்கும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது முகநூலில் வரும் நடனப் படமும் கேடயப் படமும்தான். ஆகவே அந்தக் குழந்தை ஆடும்போது பள்ளிக்காகவும் ஆடுகிறது. பள்ளி இருந்தால்தான் மொழி இருக்கும் என்று நம்புகிற சமூகத்துக்காகவும் ஆடுகிறது.

தமிழ்ப்பள்ளிக் குழந்தையை இப்படி எண்ணிக்கையில் வைத்துப் பார்ப்பது நேற்று தொடங்கிய பழக்கம் அல்ல. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்ற அக்கறையைவிட, குடும்பத்தோடு தொழிலாளி தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்ற கணக்குதான் அதில் பெரியது. பல தோட்டங்களில் கொட்டகைதான் பள்ளி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் வாத்தியார். அன்று எண்ணியது தோட்ட நிர்வாகம். இன்று எண்ணுவது நாம். நம்முடைய நோக்கம் நல்லது. ஆனால் எண்ணப்படும் இடத்தில் இருப்பது அதே குழந்தை.

மனிதரை ஒரு நோக்கத்துக்கான வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் 1785-இல் எழுதினார். இதில் 'மட்டும்' என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் எல்லாருமே ஒருவருக்கொருவர் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பேருந்து ஓட்டுநர் எனக்குப் பயன்படுகிறார், நான் அவருக்குப் பயன்படுகிறேன். தவறு அங்கே இல்லை. அவர் அதற்கு மேல் ஒன்றுமே இல்லை என்று நான் நடந்துகொள்ளும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஆகவே, "சமூகம் குழந்தையை மேடையேற்றலாமா?" என்பதற்கு "கூடவே கூடாது" என்று சொல்லிவிட முடியாது. சமூகத்துக்குத் தேவைப்படுவது குழந்தைக்கும் நல்லதுதான். வீட்டில் கோலம் போடும்போது "நீ வந்து இந்தப் பக்கம் கலர் போடு" என்று கூப்பிட்டால் பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறோம். தான் இல்லாமல் இந்தக் காரியம் நடக்காது என்று உணர்வதுதான் ஒரு குழந்தை முதலில் அறியும் கௌரவம்.

எனவே தேவைப்படுவதையும் பயன்படுத்தப்படுவதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே உடை, அதே பாட்டு. அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. குழந்தை தவறு செய்யும்போது என்ன நடக்கிறது என்று கவனிப்பது.

பேராக்கில் ஒரு குறைந்த மாணவர் பள்ளியின் கலை நிகழ்ச்சிக்கு ஒருமுறை போயிருந்தேன். மொத்தமே நாற்பது பிள்ளைகள்தான். ஆகவே தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. கோலாட்டத்துக்கு எட்டு ஜோடி வேண்டும் என்றால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஜோடி சேர்ந்தாக வேண்டும். பாதியில் ஒரு சின்னவன் சுற்று மாறிப் போய்விட்டான். அவனுடைய ஜோடி, ஒரு பெரிய பெண், ஆட்டத்தை நிறுத்தாமலே அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். கோல் மறுபடி சரியாக விழுந்தது. கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தப் பள்ளி ஆள் பற்றாக்குறையால்தான் அப்படிச் செய்தது. யாரும் கல்வித் தத்துவம் படித்துவிட்டுச் செய்யவில்லை. ஆனால் பற்றாக்குறை தற்செயலாகச் செய்ததை வசதியுள்ள பள்ளிகள் தெரிந்தே செய்யலாமே என்று தோன்றியது.

இதன் பக்கத்தில் கதை சொல்லும் போட்டியை வைத்துப் பாருங்கள். வட்டாரம், மாநிலம், தேசியம் என்று அது ஏறும். பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைதான் போகும். ஆசிரியர் கதையை எழுதிக் கொடுப்பார். எந்தச் சொல்லுக்குக் கை உயர வேண்டும், எந்த இடத்தில் கண் விரிய வேண்டும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். வாரக்கணக்கில் பயிற்சி. ஒரே காலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கேட்டால் ஒரே குரலைக் கேட்டதுபோல் இருக்கும். அது பெரியவர்கள் குழந்தைக் குரல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு குரல். நடுவில் ஒரு வரி மறந்து நின்றுவிட்டால், அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது நடுவரை அல்ல, தன் ஆசிரியரின் முகத்தை. அந்த முகத்தில் தெரிவது கவலையா ஏமாற்றமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏமாற்றம் என்றால், மறந்துபோன வரி நம்முடைய நஷ்டம் ஆகிவிட்டது என்று பொருள். நம் நஷ்டத்துக்குக் குழந்தை பொறுப்பாகிவிட்டது என்று பொருள்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள் என்று பலர் எழுதினார்கள். அதுவரை தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக 'ஏ' எண்ணிக்கையோடு பிள்ளைகளின் படம் வரும். அந்தப் பக்கம் காலியாகவே இருந்துவிடவில்லை. பதக்கங்கள் வந்து உட்கார்ந்தன. தேர்வு போனாலும், நமக்குச் சான்று வேண்டும் என்ற பசி போகவில்லை. முன்பு கணிதமும் அறிவியலும் சுமந்ததை இப்போது நடனமும் பேச்சும் புத்தாக்கமும் சுமக்கின்றன. கலை நேரம் தேர்வுக்குப் பலியாகிறது என்று முன்பு வருத்தப்பட்டோம். இப்போது கலையே தேர்வாகிக்கொண்டிருக்கிறது.

நிர்வாகத்திலும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. பெரிய பள்ளிகளில் மாணவர் நலத்துக்கு ஒரு துணைத் தலைமையாசிரியர், புறப்பாடத்துக்கு வேறொருவர். மாணவர் நலப் பிரிவின் கோப்பில் பாடநூல், கூடுதல் உணவுத் திட்டம், வருகை, கட்டொழுங்கு எல்லாம் இருக்கும். போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் புறப்பாடக் கோப்பில் இருக்கும். ஒரு பிள்ளை ஒத்திகை நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று சொன்னால் அது எந்தக் கோப்பில் சேரும்? இரண்டிலும் சேராது. கலை நலத்தோடு சம்பந்தப்பட்டது என்று நாம் பேச்சில் சொல்கிறோம். கோப்பில் அப்படி வைப்பதில்லை.

ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியவர். 1927-இல் மலாயாவுக்கும் வந்துபோனார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாடகங்கள் எழுதினார். 'சாரதோத்சவ்' அப்படி எழுதப்பட்டது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து நடித்தார்கள். ஆசிரியரும் மேடையில் நிற்கும்போது அவரும் வசனத்தை மறக்கலாம் அல்லவா? நம் பள்ளி விழாக்களில் எத்தனை ஆசிரியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுகிறார்கள்? மேடைக்குக் கீழே நின்று கையசைத்துக் கட்டளையிடுவதுதான் வழக்கம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். போட்டி இல்லாமல் திறமை எப்படி வளரும் என்பது முதலாவது. போட்டியில் உயிர் பெறும் பிள்ளைகள் உண்டு. அவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்காக நூறு பிள்ளைகளின் கலை நேரத்தைச் செலவழித்துவிட்டு, அதைப் பள்ளியின் கலை வளர்ச்சி என்று கணக்குக் காட்டக் கூடாது.

இரண்டாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும். இது கனமானது. "பயமா இருக்குன்னு சொன்னா விட்டுடறதா டீச்சர்? நாங்கதான் தோட்டத்துல ஒண்ணும் பேசத் தெரியாம வளர்ந்தோம். எம் பிள்ளயாவது நாலு பேர் முன்னால நிக்கட்டும்." இந்தக் குரலை என்னால் தள்ளிவிட முடியாது. கங்காணிக்கு முன்னும் கிராணிக்கு முன்னும் வாய் திறக்காமல் நின்ற தலைமுறைகளின் நினைவு அதில் இருக்கிறது. மேடை அவர்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல.

ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாத பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தலைமுறைகளாக நாம் இழந்திருந்தது மேடையை மட்டும் அல்ல, மறுக்கும் உரிமையையும்தான். "எனக்கு ஆட வேணாம் டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவே அவன் நாலு பேர் முன்னால் பேசிய முதல் வாக்கியமாக இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப தப்பு அடிக்கிறியா? இல்ல, பின்னால இருக்கிற திரைக்குப் படம் வரையிறியா?" என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். திரையை இழுக்கிறவனும் தேவைப்படுகிறவன்தான். அடுத்த ஆண்டு மறுபடி கேட்கலாம். பயம் ஆறு ஆண்டுகளுக்கும் அப்படியே இருந்துவிடாது. ஆரம்பப்பள்ளிக்கு அந்த ஆறு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. போட்டிக்கு இருப்பதோ ஆறு வாரம்.

தமிழ்ப்பள்ளிகள் நிலைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காகப் பெற்றோரும் ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் கைக்காசைச் செலவழித்து உழைப்பதும் தெரியும். ஆனால் மொழியைக் காக்கும் பொறுப்பு ஓட்டுப் போடும் வயதில் இருக்கும் நமக்கு உரியது. பத்திரிகை வாங்காத, புத்தகம் படிக்காத, வீட்டில் பிள்ளையிடம் தமிழில் பேசாத பெரியவர்களின் கடனை எட்டு வயதுக் குழந்தை மேடையில் ஆடி அடைக்க முடியாது. வரும் விழாவுக்கு ஒத்திகை தொடங்கும்போது, யார் ஆடினால் நன்றாக இருக்கும் என்ற பட்டியலுக்கு முன்னால், யாருக்கு எதில் இடம் வேண்டும் என்று பிள்ளைகளிடமே ஒரு சுற்றுக் கேட்டுப் பார்க்கலாம். விருந்தினர் வரும்வரை அவர்களைத் தண்ணீர் குடிக்கவும் விடலாம்.