எந்தத் தெரு?

"வீடு வாடகைக்கு விடப்படும்" என்று பலகை தொங்குகிறது. திருச்சியிலோ மதுரையிலோ அதை நம்பிக் கதவைத் தட்டும் இளைஞனிடம், வாடகை தர இயலுமா என்பதா முதற்கேள்வி? "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? சைவந்தானே?" சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது, நாகரிகம் அவ்வளவு வளர்ந்துவிட்டது!

என் வீடு, என் விருப்பம் என்பர். விருந்துக்கு எவரை அழைப்பது என்பது விருப்பந்தான். தெருவைப் பார்த்துப் பலகை மாட்டி, மாதந்தோறும் பணம் பெற முன்வந்த பின் அது வணிகமன்றோ? தீண்டாமையின் பேரால் எப்பகுதியிலும் எவரும் குடியேறுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். ஆனால், "நேற்றே ஒருவர் முன்பணம் தந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால் எந்தச் சாட்சியை நிறுத்துவது?

வீடு தேடுவோன் பொய் சொல்லலாமா? கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917-இல் பரோடாவுக்குப் பணியேற்கச் சென்ற அம்பேத்கர், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். தடியேந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். அந்தப் பெயருக்காக அவரைக் குறைகூற எவருக்கு நா எழும்? பொய்யின் பழி கேட்டவனையே சாரும். எனினும் பொய், கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறது. அடுத்து வருபவனிடமும் அது கேட்கப்படும்.

ஆகவே நான் வினவுவது வேறோர் இளைஞனை. எந்தத் தெரு என்றதும் தயங்காது விடை கூறி, அவ்விடையாலேயே சாவி பெறுகிறாயே, தோழனே! உன்னை அக்கேள்வி சுடுவதில்லை. "அதைச் சொல்ல மாட்டேன், வாடகை எவ்வளவு?" என்று நீ கேட்டால், உனக்கு நட்டம் ஒரு வீடு, இன்னும் சில நாள் அலைச்சல். அதற்கு நீ ஆயத்தமா?