கல் எடுத்த இடம்

ரான்ஸ். பிரான்சின் வடகிழக்கில் ஒரு பழைய ஊர். சேன் நிகேஸ் மேட்டில் பொம்மரி ஷாம்பேன் நிறுவனத்தின் கதவு திறக்கிறது.

116 படிகள் கீழே இறங்குகின்றன. நேராக, அகலமாக.

முதல் சில படிகளுக்கு வெயிலும் கூட வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது.

தெருவின் இரைச்சல் தேய்கிறது. எந்தப் படியில் அது அடங்கியது என்று தெரியவில்லை.

தோல் சிலிர்க்கிறது. 10 டிகிரி. ஜூலையிலும் அதே 10, ஜனவரியிலும் அதே 10.

ஈரச் சுவரின் வாடை. அதற்குள் எங்கோ லேசான புளிப்பு.

*

கடைசிப் படி. 30 மீட்டர் ஆழம்.

தலைக்கு மேல் மண், வேர், தார்ச்சாலை, அதன்மேல் யாரோ நடக்கிறார்கள். நினைத்துப் பார்க்கிறேன். பாரம் எதுவும் தோன்றவில்லை.

தங்கும் அறையின் சாவி எங்கே என்று ஓர் எண்ணம். பையில் இருக்கிறது. எண்ணம் போய்விடுகிறது.

சுவரைத் தொடுகிறேன். விரலில் வெள்ளைப் பொடி. பழைய நாட்களில் கரும்பலகையில் எழுதிய அதே சுண்ணக்கல்.

டைனோசர்கள் உலவிய காலத்தில் இங்கே கடல் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் ஓடுகள் அதன் அடியில் படிந்துகொண்டே இருந்தன. படிந்தவை கல்லாயின.

விரலைத் துடைக்கவில்லை.

கையில் கனமாகத் தெரியும் இந்தக் கல்லில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம். மழை அதற்குள் போய்த் தங்குகிறது. வறண்ட கோடையில், ஊருக்கு வெளியே சரிவுகளில் நிற்கும் திராட்சைக் கொடிகளின் வேர்கள் அங்கிருந்துதான் குடிக்கின்றன.

*

நடைவழி ஒரு பெரிய குழிக்குள் திறக்கிறது.

அண்ணாந்து பார்க்கிறேன். வற்றிய கிணற்றின் அடியில் நிற்பதுபோல் இருக்கிறது. மேலே, வெகு மேலே, சின்னதாக வெளிச்சம்.

வாய் குறுகல். கீழே வர வர அகலம். வாய் குறுகியிருந்தால் மழையும் உறைபனியும் அதிகம் இறங்காது. நனைந்த சுண்ணக்கல் உறைந்தால் பிளந்துவிடும். வெட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

ரோமானியர் வெட்டியவை என்பது ஊரார் பேச்சு. பல குழிகள் இடைக்காலத்தவை என்பது ஆய்வாளர் பேச்சு. சுவரெங்கும் உளித்தடங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க இரண்டும் தேவைப்படவில்லை.

வெட்டிய கல் கயிற்றில் மேலே போனது. வீடாயிற்று, மதிலாயிற்று. ஊர் வளர வளர இங்கே பள்ளம் வளர்ந்தது.

நிற்பது அந்தக் கல் இருந்த இடத்தில்.

கூட்டத்தில் ஒரு குழந்தை கத்திப் பார்க்கிறது. குரல் சுவர்களில் ஏறி, வட்டமிட்டு, நேரம் கழித்து வந்து சேர்கிறது. குழந்தை மறுபடி கத்தவில்லை.

*

1858இல் லூயிஸ் பொம்மரி கணவரை இழக்கிறார். நிறுவனம் அவர் கைக்கு வருகிறது. பத்தாண்டு கழித்து, கைவிடப்பட்டுக் கிடந்த இந்தக் குழிகளில் 120ஐ ஒன்றோடொன்று இணைக்கும் வேலை தொடங்குகிறது. சுரங்க வழிகளின் நீளம் 18 கிலோமீட்டர்.

வழிகளுக்கு ஒயின் போய்ச் சேர்ந்த நகரங்களின் பெயர்கள். மான்செஸ்டர். சற்றுத் தள்ளி புவனோஸ் ஐரிஸ். கடல் எதுவும் குறுக்கிடவில்லை.

ஓரிடத்தில் சுவரே சிற்பமாகிறது. குஸ்தாவ் நவ்லே 1882 முதல் 1885 வரை இங்கே செதுக்கியிருக்கிறார். மதுக்கடவுளின் விருந்து. சாய்ந்தும் சரிந்தும் கிடக்கும் உடல்கள். மங்கிய வெளிச்சத்தில் ஒரு முழங்கை மட்டும் துலக்கமாகத் தெரிகிறது.

*

பாட்டில்கள். படுத்தபடி. அடுக்கு மேல் அடுக்காக, விளக்கு எட்டும் தூரம்வரை, அதற்கு அப்பாலும்.

தூசி.

அசைவே இல்லை. ஆனால் கண்ணாடிக்குள் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. வெளியேற வழி கிடையாது. வாயு ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு.

19ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை செய்தவர்கள் முகத்தில் கம்பி வலை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரு பாட்டில் வெடித்தால் அடுத்ததும் வெடிக்கும்.

கன்னத்தைத் தொட்டுக்கொள்கிறேன். கை தானாகப் போகிறது.

சாதாரண ஷாம்பேனுக்குக் குறைந்தது 15 மாதம். ஒரே ஆண்டின் அறுவடையில் செய்து, அந்த ஆண்டைப் பெயரில் தாங்கியதற்கு 3 ஆண்டு. காத்திருப்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

*

தலை சேர்த்துச் சாய்த்து நிறுத்திய இரண்டு பலகைகள். பலகைக்கு 60 துளைகள். துளைக்கு ஒரு பாட்டில், கழுத்து உள்ளே.

ஒரு கை வருகிறது. அடிப்பாகத்தைப் பிடித்து எட்டில் ஒரு பங்கு திருப்புகிறது. விடுகிறது. அடுத்தது.

வாரக்கணக்கில் இப்படி. ஈஸ்டின் கசடு கழுத்தை நோக்கி இறங்குகிறது.

இந்த முறை 1816 வாக்கில், இதே ஊரில், கிளிக்கோ என்ற இன்னொரு கைம்பெண்ணின் நிறுவனத்தில் உருவானது. கை தேர்ந்தவர் நாளுக்கு 40,000 பாட்டில்வரை திருப்புவார். இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள் திருப்புகின்றன.

ஒரு நாள் முழுதும் கண்ணாடி மரத்தில் உரசும் ஓசை மட்டும் கேட்டிருந்த ஒருவர், இரவில் என்ன கேட்டிருப்பார்.

*

ஒரு குழியில் அதிக நேரம் நிற்கிறேன். வெறும் குழி. பாட்டில் இல்லை, சிற்பம் இல்லை.

1914 செப்டம்பர் 19. குண்டுவீச்சில் ஊரின் பேராலயம் தீப்பிடிக்கிறது. மக்கள் கீழே இறங்குகிறார்கள். பாய், பாத்திரம், அடுப்பு, முதியவர்கள்.

அந்த டிசம்பரிலேயே இந்த நிலவறைகளில் பள்ளிக்கூடங்கள் தொடங்கின. பொம்மரியின் கீழ் நடந்த பள்ளிக்கு மோனூரி என்ற படைத்தலைவரின் பெயர். பெஞ்சுகள். விளக்குகள். தேர்வுகூட நடந்தது. நச்சுவாயு முகமூடியைக் கையோடு கொண்டுவரப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

நான்கு பக்கமும் சுண்ணக்கல்.

வெடிச்சத்தம் இங்கே எப்படி வந்திருக்கும். காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்திருக்கலாம்.

பாதத்தைக் கவனிக்கிறேன். குளிர். வேறொன்றும் இல்லை.

1917 வசந்தத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பள்ளிகள் மூடின.

போர் முடிந்தபோது மேலே ஊரின் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. கல் எடுத்த குழிகள் நின்றன.

*

ஒரு சொட்டு நீர் எங்கோ விழுகிறது. அடுத்ததற்குக் காத்திருக்கிறேன். வருவதற்குள் வழிகாட்டி கூப்பிடுகிறார்.

2015இல் யுனெஸ்கோ இந்த நிலவறைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததாக அவர் சொல்கிறார். எல்லோரும் தலையசைக்கிறோம்.

படிகள். மூச்சு வாங்குகிறது. மூச்சின் சத்தம் என்னுடையதா, பின்னால் வருபவருடையதா.

கண் கூசுகிறது.

மேலே வந்ததும் ஆளுக்கு ஒரு கோப்பை ஷாம்பேன் தருகிறார்கள். நுழைவுக் கட்டணத்தில் அதுவும் அடக்கம்.